பனிக்காட்டுக்காரி

"உனக்கு என்ன வேணும்" என்று கேட்டு அவளிடம் நேரான பதில் வாங்கியவர்கள் எங்கள் பிளாக்கில் ஒருவரும் கிடையாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கலாம் என்று இரண்டு துணிகளை எடுத்துப்போய் முன்னால் போட்டேன். இதுவா, அதுவா என்று கேட்டேன். "உங்களுக்கு எது தைக்க வசதியோ அதுக்கா" என்றாள். வந்த கோபத்தில் இரண்டையும் வெட்டி, உடம்பு ஒரு நிறம் கை ஒரு நிறமாகத் தைத்துக் கொடுத்தேன். அதையும் போட்டுக்கொண்டு சிரித்த முகமாகக் கோயிலுக்குப் போய் வந்தாள். அடுத்த வாரம் இரண்டு பெண்கள் அதே மாதிரி வேண்டும் என்று துணியோடு என் வாசலில் நின்றார்கள். என் கோபத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

காய்கறி வண்டிக்காரர் மற்றவர்கள் ஒதுக்கிய கத்தரிக்காயை அவள் பையில் போடுவார், வாங்கிக்கொள்வாள். டி.வி.யில் யார் எந்தச் சானலை வைத்தாலும் பார்ப்பாள். ஆனால் அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். நாம் எல்லோரும் கேட்போம், பதில் வருவதற்குள் நாமே ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவோம். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு நேர் கீழ் வீடு அவளுடையது. அப்பா சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அனுமதி வாங்கி அதே குவார்ட்டர்ஸில் தொடர்ந்து இருந்தார். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் விழுந்தபோது, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவள் கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். சென்னையில் இருக்கிற அண்ணன் வந்து அப்பாவை அழைத்துப்போகிற வரைக்கும் என்று பேச்சு. அண்ணன் "அடுத்த மாசம்" என்றான். அடுத்த மாதம் வந்தது, அண்ணன் வரவில்லை. அவளுடைய லீவு முடிந்தது, வேலை போயிற்று, முப்பது வயதும் தாண்டியது. ஊரெல்லாம் கரண்ட் இல்லை என்று அலறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நிலக்கரி வெட்டிக் கரண்ட் எடுக்கிற எங்கள் டவுன்ஷிப்பில் மட்டும் ஃபேன் நிற்காமல் சுற்றியது. அந்த ஃபேனுக்குக் கீழே, ஹாலில் போட்டிருந்த கட்டிலில் அப்பாவும் பக்கத்து நாற்காலியில் அவளுமாக மூன்று வருஷம் ஓடிவிட்டது.

"அப்பா, இப்பக் குளிக்கலாமா, கொஞ்ச நேரம் கழிச்சா?" என்று தினமும் கேட்பாள். அவர் வாயைக் கோணிக்கொண்டு ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் மேலே என் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். கைகால் பயிற்சி கொடுக்க வருகிற பையன் பொறுமை இல்லாமல், "மேடம், அவருக்கு என்ன தெரியும், தூக்கி உட்கார வையுங்க" என்றான் ஒரு நாள். "அவரு சொல்லட்டும்ங்க" என்றாள். எச்சில் வழிய, முகம் சிவக்க, அவர் "க...ழிச்சு" என்றார். பையன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். எனக்கு அன்றுதான் அந்தப் பெண்மேல் ஒரு மரியாதை வந்தது.

விளையாட்டு ஆரம்பித்தது ஒரு ஃபேன் ரிப்பேரில். செல்வம் என்று ஒரு கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வண்டியில் வந்து போகிறவன். ஏணியிலிருந்து இறங்கியவன் அலமாரியில் பல முகமுள்ள கட்டைகளைப் பார்த்துவிட்டான். நான் இரவல் வாங்கிய தோசைக்கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"இது இன்னாக்கா, தாயக்கட்டையா? இத்தினி மூஞ்சி இருக்குது."

பெங்களூரில் நண்பர்களோடு விளையாடியது என்று சொன்னாள். ஒருவர் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷத்தில் போக வேண்டும், ஏதாவது செய்யப் பார்க்க வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்று கட்டை சொல்லும்.

"ஜெயிக்கிறது யாரு?" என்றேன்.

"யாரும் இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு விளையாடறது?"

"உள்ள போய்ப் பாக்கத்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான், என் வீட்டுக்காரர், செல்வம் மூவரும் அவள் ஹாலில் உட்கார்ந்தோம். அப்பாவை விட்டு அவள் நகர முடியாது என்பதால் எப்போதும் அந்த ஹால்தான். எந்த வேஷம் வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். போர்வீரன் வேஷம் எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டும் பூட்ஸும் உண்டா என்று உறுதி செய்துகொண்டார். செல்வம் மந்திரவாதி. "இந்த மந்திரவாதி வேல பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டாக்கா?" என்றான். பர்மனென்ட் என்று அவள் சொன்னதும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. என்னைக் கேட்டாள். சமைக்கத் தெரியாத ஒருத்தி வேண்டும் என்றேன். அவள் சிரிக்காமல், "வேட்டைக்காரி. பச்சையாவே தின்னுடுவா" என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு காட்டைச் சொன்னாள். அவள் குரலே மாறிவிடும் அப்போது.

"மரங்க இருக்கு. தலை தூக்கிப் பாத்தா கிளை தெரியல, பனிக்குள்ள போயிடுது. நீங்க பேசினா குரல் முன்னால போகல, காலடியிலேயே விழுந்துடுது. திரும்பிப் பாத்தா வந்த பாதை இல்ல. தூரத்துல ஒரு மணி அடிக்குது. எந்தப் பக்கம்னு தெரியல. காட்டுக்கு நடுவுல அணைஞ்சுபோன ஒரு விளக்கு இருக்கு. அதை ஏத்தினா பனி விலகும்னு சொல்றாங்க. என்ன செய்றீங்க?"

பெங்களூர்க்காரர்கள் இதற்கு என்ன செய்தார்களோ. என் வீட்டுக்காரர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டார். இது பனியா, சிம்னிச் சாம்பலா என்று முதலில் தெரிய வேண்டுமாம். உள்ளே போகிறவர்களைத் தலை எண்ணாமல் அனுப்பக் கூடாது, வெளியே வரும்போதும் எண்ண வேண்டும் என்றார். செல்வம் மந்திரத்தால் ஒரு ட்யூப்லைட் போட முடியுமா என்றான். நான் இந்த ஈரத்தில் துணி காயாது என்று சொல்லிவிட்டேன், வாய் சும்மா இருக்கவில்லை. அவள் எதையும் தள்ளவில்லை. காற்று வடக்கே என்றாள், தலை எண்ணிக்கொண்டாள், ட்யூப்லைட்டுக்குக் கட்டையை உருட்டச் சொன்னாள். அது பலிக்கவில்லை. ஒரு மின்மினி மட்டும் வந்தது. செல்வம் அதற்கும் சந்தோஷப்பட்டான். அன்றிலிருந்துதான் அவளைப் பனிக்காட்டுக்காரி என்று அழைக்க ஆரம்பித்தான்.

மூன்றாவது வாரமோ என்னவோ, காட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆண்கள் இருவரும் இடது பக்கம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வேட்டைக்காரி என்ன செய்றாங்க?"

"அவங்க போற வழியிலதான் நானும்."

"சரிக்கா. ஆனா வேட்டைக்காரி என்ன செய்றாங்க?"

என் வீட்டுக்காரர், "அவளுக்கு என்ன, கூட வருவா" என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவசரமே இல்லாமல். எனக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷத்துக்கு மேல். இந்த ஊருக்கு வரலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவருடைய ஷிப்ட்டுக்குத் தகுந்தபடி சமையல், தூக்கம், விருந்து, சண்டை எல்லாம். நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருந்த முதல் ஆள் அவள். "வலது பக்கம் போறேன், தனியா" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. வலது பக்கம் ஒரு கரடி இருந்தது என்பது வேறு கதை. அடி வாங்கினாலும் நான் போன வழி அது.

மார்கழியில் ஒரு போன் வந்தது அவளுக்கு. நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பழைய நண்பர்கள் சேர்ந்து விளையாட்டுகள் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். காடு, கோட்டை, ஊர் என்று இடங்களை யோசித்து எழுதும் வேலைக்கு இவள் வேண்டும் என்கிறார்கள். பெங்களூரிலேயே வந்து இருக்க வேண்டும், பொங்கல் முடிந்ததும் சேராவிட்டால் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். அவள் "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் சொன்னது எனக்கே கேட்டது, அடுத்த மாதம் என்று.

"உனக்குப் போகணுமா?" என்றேன்.

"பாக்கலாம்க்கா. அப்பா இருக்காரே."

"அப்பா இருக்காருன்னு தெரியுது. உனக்குப் போகணுமான்னு கேட்டேன்."

எழுந்து போய் அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு காட்டில் ஒரு பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரு காவல்காரர் நின்றுகொண்டிருந்தார். பாலத்தைத் தாண்டினால் விளக்கு இருக்கும் இடம், மணிச் சத்தம் கேட்கும் பக்கமாகவே போங்கள் என்று வழி சொன்னார். காட்டில் வருகிற எல்லோருக்கும் அவள்தான் குரல்.

என் வீட்டுக்காரர் போகிற போக்கில், "நீங்க எப்பலேருந்து டியூட்டிங்க?" என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்து, "ரொம்ப நாளா" என்றாள் காவல்காரர் குரலில். "மாத்த ஒருத்தர் வரணும். இன்னும் வரல."

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஊரில் ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட்டுக்கு மாற்றுகிற ஆள், வராமல் யாரும் பெல்ட்டை விட்டு இறங்க மாட்டார்கள். இறங்கக் கூடாது. ஆனால் ரிலீவர் வரவில்லை என்று தெரிந்த பிறகும் ஒருவனை அங்கேயே நிற்கவிட்டு மற்றவர்கள் பஸ் ஏறவும் மாட்டார்கள்.

"இவரை உட்டுட்டு எப்படிப் போறது?" என்றார்.

"அண்ணா, அவரு சும்மா வழி சொல்ற ஆளு. விளக்கு கிட்டத்துல இருக்கு."

"விளக்கு எங்கயும் ஓடிடாதும்மா. தொடர்ச்சியா டியூட்டி பாத்தா எப்பேர்ப்பட்டவனும் கண்ணசந்துடுவான். அங்கதான் கை போகும், கால் போகும். நான் பாத்திருக்கேன்."

"ஆமாக்கா, பாவம்க்கா அந்தாளு" என்றான் செல்வம். "அண்ணன் ஏ ஷிப்ட், நானு பி ஷிப்ட். ராவுக்கு மந்திரம் போட்டு ஒரு ஆந்தைய உக்கார வெச்சிடலாம். அக்கா ஜெனரல் ஷிப்ட்டுல வந்து பாத்துகினு போவட்டும்."

வாரக்கணக்கில் நடந்து வந்தது அந்த விளக்குக்காக. அது கூப்பிடு தூரத்தில் இருக்க, மந்திரவாதியும் போர்வீரனும் பாலத்துக்கு ஷிப்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தில் இந்த விளையாட்டை வேறு யாரும் இப்படிக் கெடுத்திருக்க மாட்டார்கள். அவள் முதலில் சிரித்தாள், பிறகு கொஞ்சம் எரிச்சல்பட்டாள், பிறகு அதையும் ஒப்புக்கொண்டாள்.

நான் காவல்காரரிடம் பேசினேன். "ஏங்க, ஆள் மாத்தி விட்டாச்சு. நீங்க இப்ப எங்க போகப் போறீங்க? என்ன செய்யப் போறீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். காட்டில் மரத்துக்கும் கரடிக்கும்கூட உடனே குரல் கொடுப்பவள். "அவருக்கு..." என்று ஆரம்பித்து, கையிலிருந்த பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாங்கள் மூவரும் பேசாமல் காத்திருந்தோம். அப்படிக் காத்திருக்க அவளிடமிருந்துதான் கற்றோம்.

கட்டிலிலிருந்து ஒரு முனகல். அவள் அப்பா தலையைத் திருப்பியிருந்தார். வாரா வாரம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவர், அன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அவளைப் பார்த்து உதட்டைக் கூட்டிக் கூட்டி, "நீ... போ" என்றார்.

அவள் கட்டைகளை எல்லாம் அள்ளி டப்பாவில் போட்டாள். "அந்தக் காவல்காரர் நான் இல்லக்கா. வழி சொல்ல ஒருத்தர் வேணுமேன்னு வெச்சேன். விளையாட்ட விளையாட்டா பாருங்க. அப்பாவ இதுல இழுக்காதீங்க." நான் அதை நம்பினேன். அவள் வேண்டுமென்று வைக்கவில்லை. அதனால்தான் என்னால் அதை அப்படியே விட முடியவில்லை.

ஒரு வாரம் கதவு பாதிதான் திறந்தது. பொங்கல் போயிற்று. மறுநாள் நாங்கள் மூவரும் கேட்காமலே உள்ளே போய் உட்கார்ந்தோம்.

"பாலத்தப் பத்திப் பேச வரல" என்றேன். "உங்கப்பாவப் பத்திப் பேச வந்திருக்கோம்."

செல்வத்தின் அத்தை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பகல் முழுவதும் வந்து இருப்பார். குளிப்பாட்ட, தூக்க, ஷிப்ட்டுக்குத் தகுந்தபடி என் வீட்டுக்காரரும் செல்வமும். சாப்பாடும் ராத்திரிக் காவலும் நான், மேலே இருக்கிறவள்தானே. சனி ஞாயிறு அண்ணன். அண்ணனிடம் நான் முந்தின நாளே போனில் பேசிவிட்டேன். "தம்பி, சனிக்கிழமை உங்க டியூட்டி, வரலைன்னா நான் உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பேன்" என்றேன். முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் கஷ்டம்க்கா."

"கஷ்டம்தான். இல்லேன்னு யாரு சொன்னா?"

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நீ இங்க உக்காந்திருந்தாலும் ஆகும்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவள் அழவில்லை. கட்டிலருகே போய் மண்டியிட்டு, "அப்பா, இவங்க பாத்துக்கறது உங்களுக்குச் சரியா?" என்று கேட்டாள். பதில் வர அன்றைக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. செல்வத்துக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, அவனும் நகரவில்லை. கடைசியில் "ச...ரி" என்றார். நான் அவளிடம் கேட்டேன், இப்போதாவது சொல், உனக்குப் போக வேண்டுமா என்று. "போனா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து வரவில்லை. அது போதும் என்று நாங்களே பெட்டியைக் கட்டினோம்.

அவள் பெங்களூர் போன பிறகு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நாள் பெரியவர் கட்டிலிலிருந்து சரிந்து நெற்றியில் அடி. இன்னொரு நாள் என் சாம்பார் பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். அவர் மகளாக இருந்தால் என்ன சாம்பார் வேண்டும் என்று கேட்டிருப்பாள். நான் கத்தினேன். பிறகு கேட்கவும் கற்றுக்கொண்டேன், பாதிப் பொறுமையோடுதான். அண்ணன் சில சனிக்கிழமை வந்தான், சில சனிக்கிழமை காரணம் சொன்னான். எல்லாவற்றையும்விட ஞாயிறு மத்தியானம்தான் எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் மூவரும் அந்த ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்த்தோம். காட்டைச் சொல்ல ஆள் இல்லை. அவளை அனுப்பியது நாங்கள்தான், அதற்காக யாரிடம் சண்டை போடுவது. அவள் இல்லாமல் எனக்கு வீடே பிடிக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு வருகிறேன் என்று போன் செய்தாள். என் வீட்டுக்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டார். செல்வம் பலாச்சுளையோடு காலையிலேயே வந்துவிட்டான். நான் கட்டை டப்பாவைத் துடைத்து வைத்தேன். பஸ்ஸிலிருந்து நேராக வந்தாள், இளைத்திருந்தாள், கண்ணில் உறக்கம் நின்றது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்து கேட்டாள். பிறகு திரும்பினாள். நாங்கள் மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம்.

"பனிக்காட்டுக்காரி, ஆரம்பிக்கலாமா?" என்றான் செல்வம்.

அவள் எங்களைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு விளையாடலைங்க" என்றாள். "எனக்குத் தூங்கணும்."

அவள் அதற்குச் சமாதானமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. உள்ளறைக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

"ஷிப்ட்டு மாத்திக்கிட்டு வந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர், குழந்தை மாதிரி.

ரவிக்கைத் துணிக்கே எது வேண்டும் என்று சொல்லாதவள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருக்குச் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டு எழுந்து போய், ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழாதபடி திரையை இழுத்து விட்டேன். சாயங்காலம் வரைக்கும் யாரையும் அந்த அறைப் பக்கம் விடவில்லை.